ஆற்றில் ஒரு நாள் படகுப் பயணம்

ஆற்றங்கரையில் வாழும் மக்களுக்கு ஆறு புதியதன்று. அதன் நீரை வயலுக்குப் பாய்ச்சுகின்றனர்; அதன் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கின்றனர்; அதன் துறையில் நீராடுகின்றனர்; ஆடிப் பதினெட்டாம் நாள் அதற்குப் பூசையும் செய்கின்றனர். அந்த ஆற்றில் ஒரு நாள் முழுவதும் படகு வலித்துக் களிப்பதற்கென்றே நகரங்களிலிருந்து மக்கள் கூட்டமாக வருவது அண்மைக் காலத்து மாறுதலாகும். பத்துப் பதினைந்து பேர் ஒன்றுகூடி, சிறு படகுகளில் ஏறி, தாமே துடுப்பு வலித்து, காலையில் ஒரு துறையில் புறப்பட்டு மாலையில் வேறொரு துறையில் கரையேறுவதே இப்பயணத்தின் முறை. இதற்கு இயந்திரம் வேண்டுவதில்லை; எண்ணெய்ச் செலவும் இல்லை. கரையிலுள்ள கிராமத்தாருக்கு இதனால் வேலையும் வருவாயும் கிடைக்கக்கூடும்.

ஆயினும் இதில் மனித உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் கேரளத்தின் தட்டேக்காட்டில், பெரியாற்றில் உல்லாசப் பயணம் சென்ற பள்ளிப் பிள்ளைகளின் படகு மூழ்கி 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் நமது பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கேரளத்தின் தானூரில் மீண்டும் 22 உயிர்கள் போயின. இவற்றில் எதுவும் பெருவெள்ளத்தில் நேர்ந்ததன்று. தட்டேக்காட்டிலும் தானூரிலும் அளவுக்கு மேல் ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். பழவேற்காட்டில் சென்றோர் மிதவை அங்கி அணிந்திருக்கவில்லை. கொந்தளிக்கும் நீரைக் கண்டால் மனிதன் தானே அஞ்சி ஒதுங்குகிறான். அமைதியான நீரில்தான் அவன் காவலைக் கைவிடுகிறான். ஆகவே, படகுப் பயணத்தை எவ்வாறு ஒழுங்குடன் நடத்துவது என்பதையும், அதில் பஞ்சாயத்து ஏற்க வேண்டிய பொறுப்பு யாது என்பதையும் இங்கே விளக்குவோம்.

கனூ, கயாக், பரிசல்

இப்பயணத்திற்கு உலகெங்கும் பயன்படுபவை இருவகைப் படகுகள். கனூ என்பது மேற்புறம் திறந்த நீண்ட படகு. வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் மரச் சட்டத்தின்மேல் பிர்ச் என்னும் மரத்தின் பட்டையைப் போர்த்தி இதைச் செய்து வந்தனர். பெரிய மரத்தைக் குடைந்து செய்தவர்களும் உண்டு. இதில் செல்வோர் முழந்தாளிட்டோ குறுக்குப் பலகையில் அமர்ந்தோ, ஒரு முனையில் மட்டும் அலகுள்ள துடுப்பால் வலிப்பர். கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளின் மக்கள் வேட்டைக்காக அமைத்த படகு. சட்டத்தின்மேல் சீல் என்னும் கடல் விலங்கின் தோலை இழுத்துக் கட்டி, ஆள் அமரும் இடம் தவிர மேற்புறம் முழுவதையும் மூடிவிடுவர். இதில் காலை நீட்டித் தாழ்வாக அமர்ந்து, இரு முனைகளிலும் அலகுள்ள துடுப்பால் மாறி மாறி வலிக்க வேண்டும்.

பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மக்கிரெகர் என்பவர் ராப் ராய் என்று பெயரிட்ட சிறு படகில் ஐரோப்பாவின் ஆறுகளில் தனியே பயணம் செய்து, அவ்வரலாற்றை 1866இல் நூலாக வெளியிட்டார். வேட்டைக்கும் போக்குவரத்துக்கும் பயன்பட்ட இப்படகுகள் மேல்நாடுகளில் பொழுதுபோக்காகப் பரவியதற்கு அந்நூல் பெரிதும் காரணமாயிற்று. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களில் இவ்விளையாட்டு இடம் பெற்றது. இன்று இப்படகுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்காலும் கண்ணாடி இழையாலும் செய்யப்படுகின்றன. காற்றடைத்து ஊதிப் பயன்படுத்துபவையும் உண்டு.

நமது நாட்டுப் பரிசலும் இவற்றுக்கு உறவுடையதே. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்னாளில் தோலாலும் பின்னர் தார் பூசிய சாக்கு, பிளாஸ்டிக் தாள் முதலியவற்றாலும் போர்த்தப்பட்ட பரிசல், காவிரியிலும் பவானியிலும் நெடுங்காலமாக மக்களைக் கரை சேர்த்து வருகிறது. அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் ஆழமற்ற நீரிலும் பாறைகளுக்கு இடையிலும் அது செல்லும்.

ஆனால் இவற்றுக்கிடையே முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. பரிசலில் கைதேர்ந்த பரிசலோட்டி ஒருவர் துடுப்புப் போட, மற்றவர்கள் அமர்ந்திருப்பார்கள். அனைவருடைய பாதுகாப்பும் அவர் ஒருவர் திறமையில் அடங்கியிருக்கிறது. கனூவிலும் கயாக்கிலும் வந்தவர்களே துடுப்புப் பிடிக்கிறார்கள். நேற்று வரை ஆற்றையே பாராதவர் இன்று படகோட்டியாகிறார். ஆகவே, பரிசல் துறைக்கு வேண்டாத பயிற்சியும் கண்காணிப்பும் இங்கே வேண்டியதாகின்றன.

ஏற்ற ஆற்றைத் தெரிந்தெடுத்தல்

ஆற்றின் கடுமையை முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை பிரித்துக் கூறும் முறை உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. சிற்றலை மட்டும் எழும்பி, தடையின்றி மெல்ல ஓடும் நீர் முதல் வகுப்பு. உயிருக்கே உலை வைக்கும் பாறை வீழ்ச்சிகள் ஆறாம் வகுப்பு. புதியவர்களின் குழுவை முதல் வகுப்பு நீரில் மட்டுமே அழைத்துச் செல்ல வேண்டும். ஆனால் ஓர் ஆறு தலை முதல் கடை வரை ஒரே வகுப்பாக இருப்பதில்லை. மெல்ல ஓடும் பகுதியின் முடிவிலேயே ஆபத்து காத்திருக்கக்கூடும். கீழ்க்கண்டவற்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

தடுப்பணை: நமது கிராமங்களில் நீரைத் தேக்கி நிலத்தடி நீரைப் பெருக்கும் தடுப்பணைகள் பெருநன்மை செய்கின்றன. எனினும் படகில் வருவோருக்கு அவை பெரும் ஆபத்து. மேற்புறத்திலிருந்து வருபவருக்கு அணை கண்ணுக்குப் புலப்படாது. நீர் சமதளமாக நீண்டு செல்வது போலவே தோன்றும். அணையைத் தாண்டி விழும் நீர் அடியில் சென்று, மேலெழும்பி, மறுபடியும் அணையை நோக்கியே திரும்புகிறது. இவ்வாறு உருளையைப் போல் சுழலும் நீரில் அகப்பட்டவர் மிதவை அங்கி அணிந்திருந்தாலும் மேலும் கீழுமாகப் புரட்டப்பட்டு வெளியேற இயலாமல் தவிப்பார். வீழ்ச்சி இரண்டு மூன்று அடிதானே என்று எண்ணலாகாது. அணைக்கு வெகு தூரம் முன்பாகவே கரையேறி, படகைத் தூக்கிச் சென்று அணைக்குக் கீழே தொலைவில் மீண்டும் இறக்க வேண்டும். தடுப்பணையில் தேங்கிய நீரும் ஏமாற்றக்கூடியதே. 2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்திற்கு அருகில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணைப் பகுதியில் குளிக்கச் சென்ற பெண்களும் சிறுமிகளுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தனர்.

விழுந்த மரம்: கரை அரிக்கப்பட்டு ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரத்தின் கிளைகள் ஊடே நீர் புகுந்து செல்லும், மனிதன் செல்ல இயலாது. நீரின் வேகம் அவனைக் கிளைகளோடு வைத்து அழுத்திவிடும். முட்புதர்களும், ஆற்றின் குறுக்கே கட்டிய வலைகளும், வேலிக் கம்பிகளும் இத்தகையவையே.

மணல் பள்ளம்: மணல் எடுக்கப்பட்ட இடங்களில் முழங்கால் அளவு நீருக்கு அடுத்த அடியிலேயே இரண்டாள் ஆழம் இருக்கக்கூடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழி இங்கே அப்படியே பொருந்தும்.

மதகும் வாய்க்காலும்: நீரொழுங்கிகளின் அருகிலும் பாசன வாய்க்கால்களிலும் படகு செலுத்தவே கூடாது. வாய்க்காலின் கரைகள் செங்குத்தாகவும் வழுக்கலாகவும் இருப்பதால், விழுந்தவர் பற்றி ஏறுவதற்கு இடமிராது.

முதலை: கொள்ளிடத்தின் சில பகுதிகளிலும் அமராவதி நீர்த்தேக்கத்திலும் முதலைகள் வாழ்கின்றன. இத்தகைய இடங்களில் பொழுதுபோக்குப் பயணம் கருதத்தக்கதன்று.

இவ்விவரங்களை நகரத்திலிருந்து வருபவர் எந்த வரைபடத்திலும் காண முடியாது. சென்ற மழைக்கு எந்த மரம் சாய்ந்தது, எந்த மடுவில் சுழல் உண்டு, எவ்விடத்தில் மணல் திட்டு நகர்ந்தது என்பனவெல்லாம் மீன் பிடிப்பவருக்கும், மாடு ஓட்டிச் செல்பவருக்கும், கரையோரத்தில் பயிர் செய்பவருக்குமே தெரியும். கிராமத்தார் இப்பயணத்திற்கு அளிக்கக்கூடிய பெருஞ்செல்வம் இவ்வறிவேயாகும். அனுபவமுள்ள இருவர், பயணத்திற்கு முந்திய நாள் அத்தூரம் முழுவதையும் படகில் சென்று பார்த்து வர வேண்டும். சென்ற மாதம் பார்த்தது இந்த மாதத்திற்கு உதவாது.

காலமும் நீர்மட்டமும்

நமது ஆறுகளில் நீரின் வரத்து மழையையும் அணைகளையும் பொறுத்தது. காவிரிப் பாசனத்திற்காக மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறந்து ஜனவரி 28ஆம் நாள் மூடுவது நெடுநாள் மரபு. நீர் இருப்பைப் பொறுத்து இது மாறுவதும் உண்டு. அணை திறந்திருக்கும் காலத்தில் கிளையாறுகளின் வேகம் திடீரென்று கூடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் எந்த ஆற்றையும் அமைதியானது என்று நம்பிவிடலாகாது. மழை ஓய்ந்து, நீர் தெளிந்து, வெயிலும் கடுமையாகாத தை, மாசி மாதங்கள், நீர் இருக்கும் இடங்களில், பயணத்திற்கு ஏற்றவை.

பயணத்திற்கு முன் மேலே உள்ள அணையின் அலுவலர்களிடம் நீர் திறப்பு உண்டா என்று கேட்டறிவது இன்றியமையாதது. உள்ளூரில் வானம் தெளிவாக இருந்தாலும், மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் வந்து சேரும். இதற்கு எளிய சாதனம் ஒன்றைக் கிராமத்தாரே அமைக்கலாம். புறப்படும் துறையில் உறுதியான கம்பம் ஒன்றை நட்டு, அரை அடிக்கு ஒரு கோடாக வர்ணம் தீட்டி, எந்தக் கோட்டுக்கு மேல் நீர் ஏறினால் படகு இறக்கக் கூடாது என்பதைச் சிவப்பு வர்ணத்தால் குறிக்க வேண்டும். பயணத்தின் நடுவே நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மட்டம் ஏறுவது தெரிந்தாலும் உடனே கரையேறிவிட வேண்டும்.

ஒகேனக்கல்லில் காவிரியின் நீர்வரத்து மிகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிப்பதை நாம் அறிவோம். தலைமுறை தலைமுறையாகப் பரிசல் ஓட்டுவோருக்கே இத்தகைய கட்டுப்பாடு இருக்கிறதென்றால், புதியவர்களுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

புறப்படுமுன்

பயணத்திற்கு வேண்டிய சாதனங்கள் அதிகமில்லை. ஆனால் இருக்க வேண்டியவற்றில் ஒன்றும் குறையலாகாது.

1. மிதவை அங்கி: லைப் ஜாக்கெட் எனப்படும் இது ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்க வேண்டும். படகில் கிடப்பது பயன்படாது. உடலில் அணிந்து, வார்களை இறுக்கியிருக்க வேண்டும். அணிந்தவரின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால், அங்கி காதளவு ஏறக் கூடாது; ஏறினால் அது அவருக்குப் பெரியது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அங்கியை மாட்டுவது அங்கி இல்லாததற்கு ஒப்பாகும். நீந்தத் தெரிந்தவருக்கும் இதில் விலக்கு இல்லை.

2. எறிகயிறு: மிதக்கும் தன்மையுள்ள, ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள கயிற்றைப் பையில் அடைத்து முன் படகிலும் பின் படகிலும் வைக்க வேண்டும்.

3. ஊதல்: வழிகாட்டிகள் அனைவரிடமும் ஊதல் இருக்க வேண்டும். ஒருமுறை ஊதினால் அனைவரும் நின்று கவனிக்க வேண்டும். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள்.

4. உபரித் துடுப்பு, நீர் இறைக்கும் குவளை, முதலுதவிப் பெட்டி, கத்தி, நீர் புகாத பையில் கைப்பேசி ஆகியவை.

5. ஒவ்வொருவருக்கும் குறைந்தது 2 லிட்டர் குடிநீர், தொப்பி, காலைக் காக்கும் செருப்பு அல்லது சப்பாத்து.

வருவோர் அனைவருடைய பெயர், வயது, நீந்தத் தெரியுமா என்பது, நோய் ஏதேனும் உண்டா என்பது, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அதன் ஒரு படியைக் கரையில் இருப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். எந்த மணிக்குள் கரையேறுவார்கள் என்பதும், அந்நேரம் கடந்தால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மது அருந்தியவரைப் படகில் ஏற்றலாகாது. இவ்விதியில் ஒருவருக்குத் தளர்த்தினால் மறுநாள் பத்துப் பேருக்குத் தளர்த்த வேண்டி வரும்.

துடுப்பு வலிக்கும் முறை

நீரில் இறங்குமுன் கரையில் வைத்தே அரை மணி நேரப் பயிற்சி அளிக்கலாம். புதியவர்கள் கையின் பலத்தால் மட்டும் வலிப்பதால் விரைவில் களைத்துவிடுகிறார்கள். இடுப்பைத் திருப்பி, துடுப்பின் அலகைப் பாதத்தின் அருகே நீரில் முழுவதும் அமிழ்த்தி, இடுப்பளவு வந்ததும் வெளியே எடுப்பதே சரியான முறை. படகைத் திருப்புவதற்குத் துடுப்பை உடலிலிருந்து விலக்கி, அரைவட்டமாகப் பெருக்குவது போல் வலிக்க வேண்டும். வலப்புறம் வலித்தால் படகு இடப்புறம் திரும்பும். நிறுத்துவதற்கு எதிர்ப்புறமாகத் தள்ள வேண்டும். இருவர் செல்லும் கனூவில் முன்னிருப்பவர் வேகத்திற்கும், பின்னிருப்பவர் திசைக்கும் பொறுப்பு. ஆகவே பழகியவரைப் பின்னால் அமர்த்த வேண்டும்.

படகில் எழுந்து நிற்பதும், ஒரு பக்கமாகச் சாய்வதும், ஒரு படகிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் கூடா. படகு பாறையில் மோதும்போது மனிதன் இயல்பாகப் பாறையைவிட்டு விலகிச் சாய்கிறான். அவ்வாறு சாய்ந்தால் மேற்புறத்து நீர் படகினுள் புகுந்து கவிழ்த்துவிடும். பாறையின் பக்கமாகவே சாய வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்க வேண்டும்.

பயணத்தின் ஒழுங்கு

மெல்ல ஓடும் ஆற்றில் புதியவர்கள் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வரை செல்வார்கள். ஓய்வு, உணவு ஆகியவற்றைக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டர் போதுமானது. தூரத்தைக் கூட்டுவதில் பெருமை ஒன்றுமில்லை. விபத்துகள் பல, களைத்த கைகளோடு இருட்டுவதற்குள் சேர வேண்டும் என்று விரையும் மாலை வேளையில்தான் நேருகின்றன. காலை 7 மணிக்குப் பயிற்சி, 8 மணிக்குப் புறப்பாடு, 12 மணிக்கு நிழலில் உணவு, 3 மணிக்குக் கரையேற்றம் என்று வகுத்துக் கொண்டால் ஒரு தடை நேர்ந்தாலும் வெளிச்சம் மிஞ்சியிருக்கும். ஆறு ஒரு திசையிலேயே ஓடுவதால், இறங்கும் துறையில் வண்டி காத்திருக்க முன்னதாகவே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

ஆற்றை நன்கறிந்த வழிகாட்டியின் படகு முதலில் செல்லும். அதை எவரும் முந்தலாகாது. மீட்புத் திறமையுள்ள வேறொரு வழிகாட்டியின் படகு கடைசியில் வரும். அதற்கு எவரும் பின்தங்கலாகாது. இடையில் செல்லும் ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் படகு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துக் கொண்டே செல்ல வேண்டும். தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னேரைப் பின்பற்றி உழுவது போன்றதே இது. நான்கைந்து படகுகளுக்கு ஒரு வழிகாட்டியேனும் இருப்பது நலம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

இடி முழங்கினால் நீரில் இருப்பது ஆபத்து; உடனே கரையேறித் தனி மரத்தடியைத் தவிர்த்து ஒதுங்க வேண்டும். கரையேறும் இடங்களில் பயிரை மிதிப்பதோ, மீனவரின் வலையைக் கலைப்பதோ, பெண்கள் நீராடும் துறையில் கூச்சலிடுவதோ கூடாது. கொண்டு வந்த குப்பை அனைத்தையும் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்.

படகு கவிழ்ந்தால்

கவிழ்வது புதியவர்களுக்கு இயல்பே; பதற்றம்தான் பகை. கவிழ்ந்தவர் படகை விடாமல் பற்றிக் கொள்ள வேண்டும். ஏனெனில் படகு மிதக்கும். ஆனால் படகுக்குக் கீழ்ப்புறத்தில் இருக்கலாகாது; நீர் நிறைந்த படகு அவரைப் பாறையோடு நசுக்கிவிடும். ஓடும் நீரில் முழங்காலுக்கு மேல் ஆழம் இருக்கும்போது எழுந்து நிற்க முயலக் கூடாது. கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் நீரின் வேகம் உடலைக் கவிழ்த்து அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டி, கைகளால் துழாவிக் கரையை நாட வேண்டும்.

காப்பாற்றுபவருக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கழியையோ துடுப்பையோ நீட்ட வேண்டும். எட்டாவிடில் கயிற்றை எறிய வேண்டும். அதுவும் இயலாவிடில் படகில் செல்ல வேண்டும். நீரில் குதிப்பது, பயிற்சி பெற்றவருக்கு மட்டும் உரிய கடைசி வழி. மூழ்குபவரைக் காக்கக் குதித்தவரும் சேர்ந்து மாண்ட செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம்.

நீரிலிருந்து எடுக்கப்பட்டவருக்கு மூச்சு இல்லையெனில், அவரைத் தலைகீழாகத் தூக்குவதும், சுழற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் தவறு. இவற்றால் விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாகின்றன. மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும். பின்னர் மார்பின் நடுவில், நிமிடத்திற்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சுக் கொடுத்து, உதவி வரும் வரை இடைவிடாமல் தொடர வேண்டும். இதற்கிடையில் மற்றொருவர் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பிழைத்தெழுந்தவரையும் மருத்துவமனைக்கு அனுப்பியே தீர வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் தீங்கு செய்யக்கூடும்.

கிராமத்திற்கு நன்மை

கோவை மாவட்டம் காரமடைப் பகுதியைச் சேர்ந்த பரளிக்காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பவானி ஆற்றின் மீதுள்ள பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில், வனத்துறையினர் அவ்வூர்ப் பழங்குடி மக்களைக் கொண்டு ஒரு நாள் பரிசல் பயணத்தை அமைத்தனர். முன்பதிவு செய்தவர்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். மிதவை அங்கி அணிவித்து, உள்ளூர் இளைஞர்கள் பரிசல் ஓட்டினர். நண்பகல் உணவை மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்துப் பரிமாறினர்; ராகிக் களியும் அதில் இடம் பெற்றது. பிற்பகலில் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். காட்டை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு, காட்டை அழிக்காமலே ஊதியம் கிடைக்க இது வழி செய்தது. கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தில், சதுப்புநிலக் காட்டின் குறுகிய கால்வாய்களினூடே துடுப்புப் படகில் பார்வையாளர்களை அழைத்துச் செல்வதும் இத்தகையதே.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வருவோரின் எண்ணிக்கையை வரையறுத்து, முன்பதிவின் மூலம் நடத்தியதனால்தான் பரளிக்காட்டில் ஒழுங்கு நிலைத்தது. கட்டணம் கிடைக்கிறதே என்று நான்கு பேர் ஏற வேண்டிய இடத்தில் எட்டுப் பேரை ஏற்றும் நாளில், அதுவரை கிடைத்த வருவாயும் நற்பெயரும் ஒருங்கே மூழ்கிவிடும்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம், இயந்திரம் பொருத்தாத படகுகளையும் கருத்தில் கொண்டு, அவற்றைப் பதிவு செய்யும் பணியை மாவட்டம், வட்டம், பஞ்சாயத்து, கிராமம் ஆகிய நிலைகளில் உள்ள உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்க வழி செய்துள்ளது. ஆகவே படகுத் துறை என்பது மேலிடத்தார் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம் என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒதுங்கியிருக்க இயலாது. காட்டுப் பகுதியாயின் வனத்துறையிடமும், அணைப் பகுதியாயின் நீர்வளத் துறையிடமும், எங்காயினும் மாவட்ட நிர்வாகத்திடமும் அனுமதி பெற்ற பின்னரே எதையும் தொடங்க வேண்டும்.

தங்கள் ஊர் வழியாகப் பயணங்கள் நடைபெறுமாயின், பஞ்சாயத்தார் செய்யத்தக்க பணிகள் பல. துறைகளைச் செப்பனிடலாம், தடுப்பணைக்கு மேற்புறத்தில் இரு கரையிலும் எச்சரிக்கைப் பலகை நடலாம், நீர்மட்டக் கம்பத்தைப் பராமரிக்கலாம், படகுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றும் ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையையும் கிராம சபையில் வைத்துத் தீர்மானித்து, படகின் மீதே எழுதச் செய்யலாம். ஊர் இளைஞர்களுக்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையினரைக் கொண்டு மீட்புப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யலாம். அப்பயிற்சி படகுப் பயணிகளுக்கு மட்டும் உதவுவதன்று. கிணற்றில் விழுந்த பிள்ளைக்கும், ஏரியில் சிக்கிய ஆடு மேய்ப்பவருக்கும் அதே கைகள்தாம் உதவப் போகின்றன. உலகில் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. அந்நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலின் அவசியத்தையும் முதலுதவியையும் கற்பிக்க ஒவ்வொரு பஞ்சாயத்தும் முன்வரலாம்.

ஆறு நம்முடையது என்று சொல்வதற்கு அதன் கரையில் வாழ்வது மட்டும் போதாது. அதன் மடுவையும் மேட்டையும் அறிந்து, அவ்வறிவைப் பிறருக்குத் துணையாக அளிப்பதே அவ்வுரிமைக்கு அழகு. நம் ஊர்த் துறையில் காலையில் படகேறிய பதினைந்து பேரும் மாலையில் பதினைந்து பேராகவே கரையேறினார்கள் என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடும் நிலையை ஒவ்வொரு கிராமமும் உறுதி செய்துகொண்ட பின்னரே இம்முயற்சியில் இறங்க வேண்டும்.